ஷேடோ டீச்சர் வெச்சாதான் மூணாம் கிளாஸ்னு பள்ளியில சொல்றாங்க, என்ன செய்யலாம்?

மடிப்பாக்கம்_மல்லி
ஞாயிறு, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவை ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதறேன்.

பையனுக்கு ஏழரை வயசு, ரெண்டாம் கிளாஸ். தென்சென்னையில ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி, பேர் வேண்டாம். போன வருஷம் டாக்டர் பார்த்து மைல்டு ஆட்டிசம், கூடவே கவனச் சிதறலும் இருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. ஓ.டி.யும் (ஆக்குபேஷனல் தெரபி) ஸ்பீச் தெரபியும் போய்ட்டிருக்கோம்.

கணக்கு நல்லாப் போடுவான். மெட்ரோ ஸ்டேஷன் பேரெல்லாம் விம்கோ நகர்லேர்ந்து ஏர்போர்ட் வரைக்கும் ஒண்ணு விடாம சொல்வான். ஆனா போர்டைப் பார்த்து எழுதுன்னா ரெண்டு வரிக்கு மேல போகாது. டயரியில ஹோம்வொர்க் இருக்கவே இருக்காது, பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கேட்டுத்தான் தெரிஞ்சுப்பேன். பெல் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு டெஸ்க்குக்கு அடியில போயிடறான். சில சமயம் கத்தறான். யாரையும் அடிச்சது கிடையாது.

வெள்ளிக்கிழமை என்னையும் வீட்டுக்காரரையும் கூப்பிட்டாங்க. அடுத்த வருஷம் மூணாம் கிளாஸ் போகணும்னா ஷேடோ டீச்சர், அதாவது வகுப்புல அவன் கூடவே இருந்து உதவற தனி ஆள், வெக்கணுமாம், சம்பளம் நாங்க கொடுக்கணுமாம். ஏஜென்சியில விசாரிச்சா மாசம் 18,000 கேக்கறாங்க. முடியலைன்னா "உங்க பையனுக்கு ஏத்த பள்ளி" பார்த்துக்கச் சொல்றாங்க. கூடவே ஒரு லெட்டர். குழந்தையோட முன்னேற்றத்துக்கும் பாதுகாப்புக்கும் பள்ளி பொறுப்பல்லன்னு இருக்கு. கையெழுத்துப் போட்டு புதன்கிழமைக்குள்ள கொடுக்கணும்.

இவர் போட்டுக் கொடுத்துடலாம்ங்கறார். மாமியார் ஸ்கூலை மாத்துங்கறாங்க. எனக்குத் தலை சுத்துது.

போரூர்_பாபு
ஞாயிறு, இரவு 10:20

கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க சிஸ்டர். மீதியை விஷயம் தெரிஞ்சவங்க வந்து சொல்லுவாங்க.

பிரிவு16
ஞாயிறு, இரவு 11:03

மேடம், சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். வக்கீலாகச் சொல்லவில்லை, இதே அலைச்சல் அலைந்த அப்பாவாகச் சொல்கிறேன்.

முதலில், ஷேடோ டீச்சர் என்ற பேச்சே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கிடையாது. பெற்றோர் காசில் ஆள் வைத்தால்தான் வகுப்பு என்று எந்த விதியும் இல்லை. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் படியுங்கள். அரசின் நிதியிலோ அங்கீகாரத்திலோ நடக்கும் பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு எது தேவையோ அதற்கேற்ற ஏற்பாடு செய்து தர வேண்டும், முன்னேற்றத்தைக் கவனித்து வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. தனியார் பள்ளியும் அங்கீகாரம் வாங்கித்தான் நடக்கிறது. அது போக, சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளிலேயே பள்ளிக்கு ஒரு சிறப்பாசிரியர், அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பயிற்சி பெற்ற ஸ்பெஷல் எஜுகேட்டர், இருக்க வேண்டும் என்று உள்ளது. "உங்கள் பள்ளியின் ஸ்பெஷல் எஜுகேட்டரைச் சந்திக்க விரும்புகிறோம்" என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே மாறும்.

பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. 40 சதவீத மாற்றுத்திறன் சான்றிதழ் இருந்தால்தான் உரிமை என்று சொல்வார்கள். 31ஆம் பிரிவில் உள்ள இலவசக் கல்விக்குத்தான் அந்த 40. 16ஆம் பிரிவுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை.

"வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதற்கு 2009 கல்வி உரிமைச் சட்டம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது. உங்களுடையது சிறுபான்மைப் பள்ளி என்றால் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. ஆனால் 2016 சட்டத்தில் அந்த விலக்கு இல்லை.

அந்த லெட்டர் விஷயம். சட்டம் கொடுத்ததை ஒரு தாளில் எழுதி வாங்கிவிட முடியாது. ஆனால் நாளைக்கு "அவர்களே ஒத்துக்கொண்டார்கள்" என்று எடுத்துக் காட்டுவார்கள். போடாதீர்கள்.

முறையிட வேண்டிய இடம் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகம். காமராஜர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகம். அது கடைசிக் கட்டம், முதல் கட்டம் அல்ல.

சாக்பீஸ்
திங்கள், காலை 6:15

நான் பெரம்பூர் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில மூணாம் வகுப்பு எடுக்கறேன். என் வகுப்புல 41 பேர். நான் சொல்லப் போறது சிலருக்குப் பிடிக்காது.

மல்லி மேடம், அந்தக் கிளாஸ் டீச்சர் உங்க எதிரி இல்லை. பி.எட்.லயோ டி.டி.எட்.லயோ இதுக்குன்னு எங்களுக்குக் கத்துக் கொடுத்தது கொஞ்சம்தான். ஒரு பிள்ளை டெஸ்க்குக்கு அடியில போயிட்டா, மீதி நாப்பது பேரும் குனிஞ்சு பார்ப்பாங்க. அந்தப் பீரியட் அதோட போச்சு. சாயங்காலம் பெத்தவங்க வாட்ஸாப் குரூப்ல "என்ன நடக்குது கிளாஸ்ல"ன்னு ஒருத்தர் போடுவார். மறுநாள் எச்.எம். கூப்பிடுவாங்க. இப்படித்தான் "ஆள் வெச்சுக்கங்க"ங்கற பேச்சு பிறக்குது.

இருந்தாலும் நீங்க எழுதினதுல ஆள் தேவைப்படற விஷயம் எதுவும் எனக்குத் தெரியலை. ஒவ்வொண்ணாப் பாருங்க.

போர்டு. நமக்கு அது ஒரே வேலை. பிள்ளைக்கு மூணு வேலை. தலையைத் தூக்கிப் படிக்கணும், படிச்சதை மனசுல வெச்சுக்கணும், தலையைக் குனிஞ்சு விட்ட இடத்தைத் தேடி எழுதணும். உங்க பையன் மாதிரி பிள்ளைக்கு ரெண்டாவதுலயே அறுந்துடும். நான் செய்யறது, போர்டுல எழுதப் போறதை முந்தின நாளே ஒரு தாள்ல எழுதி டெஸ்க் மேல வெச்சுடுவேன். அதைப் பார்த்து எழுதட்டும். அதுவும் முடியாத நாள்ல கேள்வியை நானே எழுதித் தந்து பதிலை மட்டும் எழுத வெப்பேன். அவனுக்குக் கணக்கு வருமான்னு பார்க்கத்தானே நோட்டு? கேள்வியைக் காப்பி பண்ண வருமான்னு பார்க்க இல்லையே.

சொல்ற விதம். "நோட்டை எடு, தேதி போடு, தலைப்பு எழுது, முப்பத்திநாலாம் பக்கம் திருப்பு." மூச்சு விடாம நாலு வேலை சொல்லிடறோம். அந்தப் பிள்ளைக்கு முதலாவதோ கடைசியோதான் காதுல விழும். ஒண்ணு சொல்லி, அது முடிஞ்சப்புறம் அடுத்தது. இது நாப்பது பேருக்குமே நல்லது.

பெல். என்கிட்ட ஒரு பொண்ணு இருந்தா, பெல் அடிச்சா அழுகை. பெல்லுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி வருகைச் சீட்டைக் கொடுத்து ஆபீஸ் ரூமுக்கு அனுப்ப ஆரம்பிச்சேன். அங்க ஆயாம்மா மணி அடிக்கற கட்டையைக் கையில எடுக்கறதை அவ பார்ப்பா. எப்ப வரும்னு தெரிஞ்சுட்டா பாதி பயம் போயிடுது. கொஞ்ச நாள் கழிச்சு அவளே அடிக்கணும்னு கேட்டா. உங்க பள்ளியில மின்சார பெல்லா இருக்கும், ஆயாம்மாவுக்குப் பதில் கடிகாரம். "பெரிய முள் இங்க வந்தா சத்தம் வரும்"னு டெஸ்க்ல ஒரு படம் ஒட்டினாப் போதும்.

உட்கார வெக்கற இடம். எல்லாரும் முதல் பெஞ்சுங்கறாங்க. முதல் பெஞ்சுல இருந்தா முதுகுக்குப் பின்னாடி வர்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்புவான். ரெண்டாவது வரிசை, சுவரோரம், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், பக்கத்துல அலட்டிக்காத ஒரு பிள்ளை.

இவ்வளவுதான் சாமர்த்தியம். ஆனா இதை யாராவது எனக்குச் சொல்லணும். பெத்தவங்க சொல்லலாம், தெரபிஸ்ட் சொல்லலாம். டாக்டர் ரிப்போர்ட்ல பதினாறு பக்கம் மதிப்பெண் இருக்கும், நாளைக்குக் காலையில வகுப்புல நான் என்ன செய்யணும்னு ஒரு வரி இருக்காது.

அண்ணாநகர்_அகிலா
திங்கள், காலை 9:40

சாக்பீஸ் டீச்சருக்கு ஒரு கும்பிடு.

எங்க பொண்ணுக்கு ஷேடோ வெச்சிருந்தோம். நல்ல பொண்ணுதான், குறை சொல்ல முடியாது. பென்சில் கீழ விழுந்தா அவளே எடுப்பா, பாட்டில் மூடி அவளே திறப்பா, ரஃப் நோட்டுல அவளே எழுதிடுவா. ஒரு நாள் ஓப்பன் ஹவுஸுக்குப் போய்க் கொஞ்ச நேரம் பின்னாடி உக்காந்து பார்த்தேன். கிளாஸ் டீச்சர் என் பொண்ணைப் பார்க்கவே இல்லை. ஷேடோவைப் பார்த்து "அவ முடிச்சுட்டாளா?"ன்னு கேக்கறாங்க. பக்கத்துப் பிள்ளைகளும் அவகிட்ட பேசறதுன்னா ஷேடோகிட்ட பேசறாங்க. ஒரே வகுப்புக்குள்ள என் பொண்ணுக்கு மட்டும் தனி வகுப்பு நடந்துட்டிருந்தது, அதுக்கு நான் சம்பளம் கொடுத்துட்டிருந்தேன்.

நிறுத்தினோம். முதல் ஒரு மாசம் கஷ்டம். அப்புறம் பாட்டில் மூடியைத் திறக்கச் சொல்லி பக்கத்துல இருக்கறவகிட்ட கேட்டாளாம். அவதான் இப்ப ஃப்ரெண்டு.

ராயபுரம்_ரவி
திங்கள், மதியம் 1:25

எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீங்க. ஷேடோவைப் பத்தி இப்படிப் பேசறது எனக்கு ஒப்பல.

என் புள்ள ஓடுவான். கதவு தொறந்திருந்தா ஓட்டம்தான். ஸ்கூல் கேட்டைத் தாண்டினா கன்டெய்னர் லாரி போற ரோடு. நாப்பது புள்ளைங்களை வெச்சிருக்கற டீச்சர் இவன் பின்னாடி ஓட முடியுமா? எங்களுக்கு வந்த பொண்ணு ஸ்பெஷல் பி.எட். எல்லாம் படிக்கல, பிளஸ் டூ முடிச்சவ. அவ இல்லன்னா என் புள்ள இன்னைக்கு ஸ்கூல்லயே இருந்திருக்க மாட்டான். உயிரோட இருந்திருப்பானான்னே தெரியாது.

ஆனா ஒண்ணு செஞ்சோம். சேரும்போதே எழுதி வெச்சுக்கிட்டோம். அவ எந்த நேரத்துக்கு அவன் பக்கத்துல, எந்த நேரத்துக்குக் கதவுப் பக்கம், எந்த நேரத்துக்கு வகுப்புக்கு வெளிய. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு பீரியடைக் குறைக்கணும். குறைக்கலன்னா ஏன்னு டீச்சர் சொல்லணும். இப்ப லஞ்சுக்கும் வீட்டுக்கு விடற நேரத்துக்கும் மட்டும்தான் கூட இருக்கா. போகப் போறவங்கன்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டா ஷேடோ நல்லது. காலவரையில்லாம ஒட்டிக்கிட்டிருந்தாதான் அகிலா மேடம் சொன்ன கதை.

பணம் பள்ளி தரணும்ங்கறதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல. நான் தந்தேன், வேற வழி தெரியல.

அண்ணாநகர்_அகிலா
திங்கள், மதியம் 1:50

ரவி அண்ணா, நியாயம். மல்லியோட பையன் ஓடறவன் இல்லைங்கறதால சொன்னேன்.

நங்கநல்லூர்_தாத்தா
திங்கள், மாலை 4:30

எங்கள் காலத்தில் ஒரு வகுப்பில் அறுபது பேர் இருந்தோம். இத்தனை பெயர்களும் கிடையாது, தெரபியும் கிடையாது. வாத்தியார் பிரம்பை எடுத்தால் எல்லோரும் உட்காருவோம். எல்லோரும் படித்து வேலைக்கும் போனோம். யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை.

போரூர்_பாபு
திங்கள், மாலை 4:41

ஐயா, அந்த அறுபது பேர்ல அஞ்சாங்கிளாஸுக்கு வராம நின்னவங்க யாராவது உண்டா?

நங்கநல்லூர்_தாத்தா
திங்கள், மாலை 5:15

உண்டு. கடைசி வரிசையில் ஒருவன். எந்த சைக்கிளையும் கழற்றி மாட்டிவிடுவான், தன் பெயரை எழுத மட்டும் வராது. நிறைய அடி வாங்கினான். எழுதுங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன்.

வளமையம்_வாணி
திங்கள், இரவு 8:55

வணக்கம். நான் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். அரசுப் பள்ளிகள் எங்கள் பொறுப்பு, அதனால் மல்லியின் பள்ளிக்குள் நான் நுழைய முடியாது. ஆனால் அவர்கள் மாமியார் "மாற்று" என்று சொன்னதால், மாற்றினால் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில், ஒவ்வொரு வட்டார வள மையத்துக்கும் எங்களைப் போன்றவர்களும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குத் தெரபி இலவசம். உதவி உபகரணங்களுக்கு முகாம் நடக்கும். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போகிறோம். ஆசிரியர்கள் பிள்ளைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துப் பதிவு செய்ய "நலம் நாடி" என்று ஒரு செயலியும் இருக்கிறது. மாநகராட்சியின் சென்னை தொடக்கப் பள்ளிகளில் சில வகுப்புகளில் இருபது பேருக்கும் குறைவு. உங்கள் பையனுக்கு அந்த அமைதியே பெரிய மருந்து.

இனிக் கசப்பான பக்கம். தொடக்க வகுப்பில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் ஒரு வாரத்தில் பல பள்ளிகளுக்கு அலைகிறேன். ஒரு பிள்ளையை மறுபடி பார்ப்பதற்குள் அது போன தடவை கற்றதை மறந்திருக்கும். நாங்கள் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள், 2024இல் மத்திய நிதி நின்றபோது அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று பேசிக்கொண்டுதான் பள்ளிக்குப் போனோம். ஆகவே அரசுப் பள்ளிக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கேயும் வகுப்பாசிரியர் மனது வைத்தால்தான் உண்டு. சாக்பீஸ் டீச்சர் எழுதியதுதான் உண்மையான வேலை. நாங்கள் வாரத்தில் ஒரு மணி நேரம், அவர்கள் ஐந்து நாளும்.

மடிப்பாக்கம்_மல்லி
திங்கள், இரவு 9:30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சேன். வாணி மேடம், ஒளிக்காமச் சொல்றேன், அரசுப் பள்ளின்னா எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. எனக்குமே தயக்கம்தான். அது சரியில்லைன்னும் தெரியுது. இப்போதைக்கு இந்தப் பள்ளியிலயே பேசிப் பார்க்கறேன். அவனுக்கு அங்க ஒரே ஒரு ஃப்ரெண்டு இருக்கான், அதை உடைக்க மனசு வரலை.

கொளத்தூர்_கீதா
திங்கள், இரவு 9:48

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். வாணி மேடத்துக்கு ஒரு கேள்வி. என் பொண்ணு மூணாவது, தமிழ் மீடியம். வாயால கதை சொன்னா அசத்துவா, புத்தகத்தைக் கொடுத்தா "கொக்கு"ங்கறதை "கெகாக்கு"ங்கறா. இங்கிலீஷ்ல இவ்வளவு மோசம் இல்லை. தமிழ்தானே சுலபம், எழுதினபடியே படிக்கலாமே? சோம்பேறித்தனம்னு அவங்க அப்பா திட்டறார்.

வளமையம்_வாணி
திங்கள், இரவு 10:35

கீதா, அப்பாவிடம் சொல்லுங்கள், அவள் சோம்பேறி இல்லை. கண்ணுக்குத் தெரிந்த வரிசையில் ஒழுங்காகப் படித்திருக்கிறாள்.

"கொ" என்பதைத் தாளில் பாருங்கள். முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். இடமிருந்து வலம் போனால் "கெ", பிறகு "ஆ". நாம் மூன்றையும் ஒரே பார்வையில் அள்ளி ஒரே ஒலியாகச் சொல்கிறோம், அது நமக்கு எப்போதோ பழகிவிட்டது. எழுத்துத் தடுமாற்றம் (டிஸ்லெக்சியா) உள்ள பிள்ளை ஒவ்வொன்றாகப் போகிறது. கெ, கே, கை, கொ, கோ எல்லாவற்றிலும் முன்னால் எழுதுவதைப் பின்னால் ஒலிக்க வேண்டும். "கௌ"வில் கடைசியில் இருப்பது ள மாதிரியே இருக்கும், ஆனால் ள இல்லை. பல அச்சுகளில் ர-வுக்கும் காலுக்கும் வித்தியாசமே தெரியாது. "பாரம்" என்ற சொல்லைச் சின்ன எழுத்தில் பாருங்கள், புரியும்.

எழுதினபடியே படிக்கலாம் என்பதும் முழு உண்மை இல்லை. கல், தங்கம், மகன் மூன்றிலும் ஒரே க. மூன்று ஒலி. அது எந்த இடத்தில் எப்படி மாறும் என்று நாம் சொல்லித் தருவதே இல்லை, பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலான பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். சிலருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது. 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்க வைப்பதை நிறுத்துங்கள். ஒரு வாரம் கொ, கோ மட்டும். கொம்பையும் காலையும் ஒரே சிவப்பில், நடுவில் உள்ள எழுத்தைக் கறுப்பில் எழுதுங்கள். சிவப்பு இரண்டும் ஒரே ஆள், கறுப்பைக் கட்டிப் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதும்போதே வாயாலும் சொல்ல வேண்டும். கொக்கு, கொடி, கொசு, கோழி என்று அவளுக்குத் தெரிந்த சொற்கள் மட்டும். பத்து நிமிடம் போதும், அழுகை வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பாடப்புத்தகத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள், கேள்விக்கு வாயால் பதில் சொல்லட்டும். எழுத்து வரும்வரை அறிவு காத்திருக்க வேண்டாம்.

எட்டு வயதுக்கு முன்னால் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் பொதுவாகத் தர மாட்டார்கள். ஆனால் உதவிக்குச் சான்றிதழ் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தி.நகரில் இருக்கிறது, தொண்ணூறுகளிலிருந்து இதே வேலையாக இருப்பவர்கள்.

கொளத்தூர்_கீதா
திங்கள், இரவு 10:52

"பாரம்" எழுதிப் பார்த்தேன். இவருக்கும் காட்டினேன். ஒண்ணும் பேசல.

ஓடி_ஒளியும்_ஓடி
செவ்வாய், காலை 7:20

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேரைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும். மல்லி, உங்க தெரபிஸ்ட்டை வகுப்புக்கு எழுதற மாதிரி ஒரு பக்கம் கேளுங்க. மதிப்பெண் வேண்டாம், மூணு யோசனை போதும். தர மாட்டேன்னு சொன்னா சென்டரை மாத்துங்க. தெரபி ரூமுக்குள்ள ஊஞ்சல்ல அமைதியா இருக்கறது பெரிசில்ல, அது அசெம்பிளி கிரவுண்டுக்கு வரணும். அப்புறம், உளவியல் மதிப்பீட்டுக்கோ சிறப்புக் கல்விக்கோ யார்கிட்ட போனாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கான்னு கேளுங்க, அந்த வேலைக்கு அது அவசியம். ஓ.எம்.ஆர்.ல தெருவுக்குத் தெரு போர்டு தொங்குது, எல்லாம் சென்டர் இல்ல.

மடிப்பாக்கம்_மல்லி
செவ்வாய், மதியம் 2:10

நாளைக்குக் கொடுக்க எழுதியிருக்கேன். இங்கிலீஷ்லதான் கொடுக்கப் போறேன், இங்க தமிழ்ல போடறேன். வெட்டுங்க, திருத்துங்க.

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வெள்ளிக்கிழமை நீங்கள் கொடுத்த கடிதத்தில் கையெழுத்திட எங்களுக்கு விருப்பமில்லை. எங்கள் மகன் இதே பள்ளியில் தொடர வேண்டும். அவனுக்காக மூன்று ஏற்பாடுகளைக் கேட்கிறோம். போர்டில் எழுதுவதை ஒரு தாளில் அவன் மேசையில் வைப்பது. மணி அடிப்பதற்குமுன் அவனுக்குத் தெரியும்படி செய்வது. ஹோம்வொர்க்கை அவன் எழுதாவிட்டால் ஆசிரியர் டயரியில் குறிப்பது. அவனுடைய தெரபிஸ்ட் பள்ளிக்கு வந்து வகுப்பாசிரியரிடம் பேசத் தயாராக இருக்கிறார். ஆறு வாரம் கழித்து வகுப்பாசிரியர், பள்ளியின் சிறப்பாசிரியர், நாங்கள் மூவரும் உட்கார்ந்து எது பலித்தது என்று பார்க்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி இவை பள்ளியின் கடமை."

சாக்பீஸ்
செவ்வாய், மாலை 4:45

கடைசி வரியை எடுத்துடுங்க. அந்த வரியைப் பார்த்ததும் இந்த லெட்டர் கிளாஸ் டீச்சர் கைக்கு வராது, மேனேஜ்மென்ட்டோட வக்கீல் கைக்குப் போயிடும். உங்களுக்கு வேணுங்கறது டீச்சர். இன்னொண்ணு, டயரியில குறிக்கறது டீச்சருக்குக் கூடுதல் வேலை. "பக்கத்துல இருக்கற பிள்ளை டயரியை நான் போட்டோ எடுத்துக்கலாமா"ன்னு கேளுங்க, உடனே சரின்னுடுவாங்க. கேக்கற மூணுல குறைஞ்சது ரெண்டு அவங்களுக்குச் சுலபமா இருக்கணும்.

பிரிவு16
செவ்வாய், மாலை 5:30

மன்னிக்கவும், நான் இதை ஏற்க மாட்டேன். கனிவாகக் கேட்டுக் கேட்டு ஒரு வருடம் வீணாக்கியவர்கள் இங்கே பலர். சட்டத்தைச் சொன்னால்தான் கோப்பில் ஏறும்.

சாக்பீஸ்
செவ்வாய், மாலை 5:42

கோப்புல ஏறும் சார். வகுப்புல ஏறாது.

ராயபுரம்_ரவி
செவ்வாய், மாலை 6:05

ரெண்டும் சரிதான்யா. முதல் லெட்டர்ல சட்டம் வேணாம், ஆனா தேதி போட்டு, நகல்ல சீல் வாங்கிக்கங்க. ஆபீஸ்ல வாங்க மாட்டேன்னா மெயில். ஆறு வாரத்துல ஒண்ணும் நடக்கலன்னா ரெண்டாவது லெட்டர் பிரிவு16 சார் சொல்ற மாதிரி. இன்னொரு விஷயம், லெட்டர்ல பையனைப் பத்தி ஒரு நல்ல வார்த்தைகூட இல்லையே. கணக்கு போடறான், ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்றான்னு இங்க எழுதினீங்க. அங்கயும் எழுதுங்க. டீச்சருக்கு அவனைப் பத்தித் தெரிஞ்சது டெஸ்க்குக்கு அடியில போறது மட்டும்தான்.

மடிப்பாக்கம்_மல்லி
செவ்வாய், இரவு 8:20

சட்ட வரியை எடுத்துட்டேன். டயரிக்குப் பதிலா போட்டோ. பையனைப் பத்தி நாலு வரி சேர்த்திருக்கேன். இவரும் படிச்சுட்டு கையெழுத்துப் போட்டார், அந்த லெட்டர்ல இல்ல, இந்த லெட்டர்ல.

இன்னொரு கேள்வி. யு.டி.ஐ.டி. கார்டு, அந்த மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுக்கணுமா? மைல்டுதானேன்னு விட்டுட்டோம். எடுத்தா பேர் ஒட்டிக்கும்னு சொந்தத்துல பயமுறுத்தறாங்க.

பிரிவு16
செவ்வாய், இரவு 9:15

எடுங்கள். கார்டு உங்கள் பீரோவில் இருக்கும், யாரிடம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம்.

மைல்டு என்பதால் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலில் பார்க்கிறார்கள். அதில் 70 மதிப்பெண் வந்தாலே 40 சதவீதம். ஆனால் கவனச் சிதறல் மட்டும் இருந்தால் சான்றிதழ் இல்லை, சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் அது கிடையாது. ஆகவே டாக்டர் ரிப்போர்ட்டில் ஆட்டிசம் தெளிவாக இருக்க வேண்டும்.

விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில். ஆதார், போட்டோ, ரிப்போர்ட் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் குழு பிள்ளையை நேரில் பார்க்கும். காத்திருக்க வேண்டி வரும், அவனுக்குப் பிடித்த ஏதாவது கையில் இருக்கட்டும்.

கார்டு வந்தபின் பயன்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் வரை, தெரபி செலவும் அதற்குள் வரும், பில்களைச் சேர்த்து வையுங்கள். உங்கள் கணவர் பழைய வருமான வரி முறையில் இருந்தால் 80டி.டி. பிரிவில் 75,000 கழிவு. தேர்வில் கூடுதல் நேரமும் கேட்கலாம்.

ஓடி_ஒளியும்_ஓடி
செவ்வாய், இரவு 9:40

தெரபி செலவு கட்டுப்படியாகலைன்னா முட்டுக்காடு என்.ஐ.இ.பி.எம்.டி. போய்ப் பாருங்க. மத்திய அரசு நிறுவனம், எல்லா தெரபியும் ஒரே இடத்துல. மடிப்பாக்கத்துலேர்ந்து தூரம்தான். கோட்டூர்புரத்துல இருக்கற வித்யாசாகர் தொண்டு நிறுவனம் பக்கம். 1985லேர்ந்து இருக்காங்க, பள்ளிகளோட பேசறதுல நல்ல அனுபவம்.

சாக்பீஸ்
புதன், காலை 6:05

மல்லி, பையனுக்குக் காது மூடி ஒண்ணு வாங்கிக் கொடுத்தா நல்லா இருக்கும். அசெம்பிளி மைக்குக்கு உதவும். எங்க பள்ளியில ரெண்டு வெச்சிருக்கோம், கேக்கற பிள்ளைக்குத் தர்றோம்.

மடிப்பாக்கம்_மல்லி
புதன், மதியம் 12:30

கொடுத்துட்டேன், சீல் வாங்கிட்டேன். பிரின்சிபல் படிச்சுட்டு "பார்க்கலாம்"னாங்க. ஆனா கிளாஸ் டீச்சர் வெளிய வந்து தெரபிஸ்ட் எப்ப வருவாங்கன்னு கேட்டாங்க. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேலன்னு சொல்லியிருக்கேன். காது மூடி எங்க கிடைக்கும் டீச்சர்? ஆன்லைன்ல குழந்தைங்களுக்குன்னு போட்டாலே ரெண்டாயிரம்ங்கறான்.

சாக்பீஸ்
புதன், மாலை 4:50

குழந்தைங்களுக்குன்னு தேடாதீங்க. டிரில் போடற தொழிலாளிங்க மாட்டற காது மூடி, ஹெல்மெட்டும் கையுறையும் விக்கற கடையில கேளுங்க. பாரிமுனைப் பக்கம் வரிசையா இருக்கு. தலைப்பட்டை சுருங்கற மாதிரி இருக்கான்னு பார்த்து வாங்குங்க, பெரியவங்க அளவு வழுக்கி விழும். முதல்ல வீட்ல மிக்ஸி ஓடும்போது போட்டுப் பழக்குங்க.

ராயபுரம்_ரவி
புதன், மாலை 5:02

நான் தினமும் அந்தப் பக்கம்தான் வர்றேன் மேடம். வேணும்னா வாங்கி அனுப்பறேன், கலர் சொல்லுங்க.

மடிப்பாக்கம்_மல்லி
புதன், மாலை 5:20

நீலம் அண்ணா. ஏர்போர்ட் லைன் கலர்தான் வேணுமாம்.